லிண்ட்ஸ்போர்க் மிட்சம்மர் விழா: குடும்பத்தோடு போகலாமா?

கோதுமைக்காடு எழுதியது:

அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்து விச்சிட்டா பக்கம் வீடு மாறி வந்தாயிற்று. ஆபீஸில் யாரைக் கேட்டாலும் ஜூன் மாதம் லிண்ட்ஸ்போர்க் போய்விட்டு வா என்கிறார்கள். மெக்ஃபெர்சனுக்கும் சலைனாவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர், நாலாயிரம் பேர்கூட இல்லை. சுவீடன்காரர்கள் வந்து குடியேறிய ஊராம். படங்களில் பார்த்தால் தெருமுனைக்குத் தெருமுனை வண்ணம் அடித்த குதிரை பொம்மை நிற்கிறது, பெண்கள் கோடு போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு கம்பத்தைச் சுற்றி ஆடுகிறார்கள். ஜூன் மூன்றாவது சனிக்கிழமை மிட்சம்மர் என்கிற சுவீடிஷ் கோடை விழா, வருஷா வருஷம் உண்டு என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், அது சின்னது, அக்டோபர் விழாதான் பெரிசு என்று குழப்பிவிட்டார். எது சரி? அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஏழு வயசுப் பெண் இருக்கிறாள். ஒரு நாள் முழுக்க இருக்கிற அளவுக்கு அங்கே விஷயம் இருக்கிறதா, இல்லை சும்மா கடைத்தெரு வியாபாரம்தானா? அம்மா சைவம், அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஜூன் மிட்சம்மர் வருஷா வருஷம் உண்டு. டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை லூசியா என்ற கிறிஸ்தவப் புனிதையின் பேரில் விழா, அதுவும் அப்படியே. அக்டோபரில் வருவது ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட், அதாவது மரியாதை விழா, ஒற்றைப்படை வருஷங்களில் மட்டும். வில்லியம் ஹோல்வெர்டா என்ற ஊர் டாக்டர் யோசனை சொல்லி 1941இல் தொடங்கியது. ஹோல்வெர்டா என்பது ஹாலந்துப் பக்கத்துப் பெயர். சுவீடிஷ் முன்னோர்களுக்கு விழா எடுக்க வேண்டும் என்று முதலில் எடுத்துச் சொன்னவருக்கு சுவீடிஷ் பெயர்கூட இல்லை என்பதை யோசித்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நான் சலைனாவில் இருந்த காலத்தில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். அக்டோபரில் ஊர்வலம், தெருவில் ஆட்டம், பெரிய விருந்து என்று கூட்டம் நெரியும். உங்கள் வீட்டுக்கு ஜூன்தான் தோது. பகலில் பூங்காவில் கைவினைக் கடைகள், பிடில் வாசிப்பு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் நாட்டுப்புற ஆட்டம். குழந்தைகள் தலைக்குப் பூ வளையம் கட்டிக்கொள்ளலாம், உங்கள் பெண் அங்கிருந்து நகரமாட்டாள் பாருங்கள். சாயங்காலம் கம்பம் நிமிர்த்துவார்கள். நீளக் கம்பம், மேலே குறுக்குச் சட்டம், சட்டத்தின் இரண்டு முனையிலும் தொங்கும் வளையம். தரையில் படுக்கப் போட்டு முழுசுக்கும் இலைதழையும் பூவும் வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். அப்புறம் நாலைந்து பக்கம் ஆட்கள் நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கித் தள்ளி நிமிர்த்துவார்கள், அது தள்ளாடும்போது கூட்டமே "ஊ" என்று சத்தம் போடும். நின்றதும் கைகோத்து ஆட்டம். அதில் ஒன்று தவளை மாதிரி குந்திக் குந்திக் குதிக்கிறது. தாத்தா பாட்டிகள்கூட கூச்சமே இல்லாமல் குதிப்பார்கள்.

வெயிலைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். மிட்சம்மர் என்பது நீண்ட குளிர்காலம் முழுக்க வெளிச்சத்துக்கு ஏங்கிக் கிடந்தவர்கள் கொண்டாடுகிற நாள். கேன்சஸ் ஜூனில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம், சில வருஷம் 100 ஃபாரன்ஹீட்டையே தொடும். அந்த வெயிலில் கம்பளிப் பாவாடையும் முழங்கால் வரை காலுறையும் போட்டு ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அம்மாவுக்குக் குடையும் மடக்கு நாற்காலியும் கட்டாயம்.

பழைய மாவு ஆலை வளாகத்தை விட்டுவிடாதீர்கள். 1898ஆம் வருஷத்து ஆலை, பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக சுவீடன் அனுப்பிய மரமண்டபம் நிற்கிறது. கண்காட்சி முடிந்ததும் இந்த ஊர்க் கல்லூரிக்கு வந்து, பல வருஷம் ஓவிய வகுப்பு அதில்தான் நடந்தது. 1976இல் சுவீடன் அரசர் கார்ல் குஸ்தாவ் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கறார் கந்தசாமி எழுதியது:

நானும் போனேன். நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் "பாரம்பரியம்" என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது.

லிண்ட்ஸ்போர்க்குக்கு 1869இல் வந்தவர்கள் ஓலோஃப் ஓல்சன் என்ற பாதிரியார் தலைமையில் வந்த வேர்ம்லாண்ட் மாகாணத்துக் குடியானவர்கள். ஊர் முழுக்க நிற்கிற டாலா குதிரை எந்த மாகாணத்துச் சரக்கு? டாலர்னா. பேரிலேயே இருக்கிறது. மூரா என்ற ஊர்ப்பக்கம் மரம் வெட்டப் போனவர்கள் பிள்ளைகளுக்காகச் செதுக்கிய விளையாட்டுச் சாமான் அது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் சுவீடன்காரர்கள் பெரிய குதிரை ஒன்றை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க அது சுவீடன் சின்னமாகப் பரவியது. அதாவது இந்த ஊர் முன்னோர்கள் கப்பல் ஏறி 70 வருஷம் கழித்து.

லூசியாவும் அதே கதை. வெள்ளை அங்கி, தலையில் மெழுகுவத்தி, ஊருக்கு ஒரு பெண்ணை லூசியாவாகத் தேர்ந்தெடுப்பது, இதெல்லாம் 1927 வாக்கில் ஸ்டாக்ஹோம் பத்திரிகை ஒன்று போட்டி வைத்த பிறகுதான் நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன்பு மேற்குப் பக்கத்துச் சில பண்ணை வீடுகளில் இருந்த வழக்கம்.

ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஓல்சனும் அவர் ஆட்களும் கடும் பக்திமான்கள். குடி, சீட்டு, ஆட்டம் மூன்றும் அவர்களுக்குப் பாவம். அவர்கள் பேரைச் சொல்லி நடத்துகிற விழாவில் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருக்கக்கூடிய சங்கதிகளே பாதிக்கு மேல். ஊர் பிழைக்கச் சுற்றுலா வேண்டும், அதற்கு வேஷம் கட்டுகிறார்கள். கட்டட்டும். அதைப் பாரம்பரியம் என்று எனக்கு விற்காதீர்கள் என்கிறேன்.

உப்சாலா யாழினி எழுதியது:

> கடும் பக்திமான்கள். குடி, சீட்டு, ஆட்டம் மூன்றும் அவர்களுக்குப் பாவம்.

இது உண்மை. அந்தக் காலத்தில் இங்கே சுவீடனிலேயே பக்தி இயக்கம் பரவின ஊர்களில் பிடில் பிசாசின் வாத்தியம் எண்டு சொல்லி, வாசிக்கிறவையே தங்கட பிடிலை அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார்கள், சுவரில் அடித்து உடைத்திருக்கிறார்கள். நாட்டுப்புற இசையைப் பற்றி இங்கே யாரோடு கதைத்தாலும் இந்தக் கதை வரும்.

ஆனால் கந்தசாமி அண்ணா, நீங்கள் பாதியில் நிற்பாட்டிவிட்டீர்கள். 1869இல் கப்பல் ஏறினவைக்கு டாலா குதிரை தெரியாது எண்டால், சுவீடனில் தங்கினவைக்கு மட்டும் தெரிந்திருந்ததோ? தெற்கே ஸ்கோனேயில் இருந்த விவசாயிக்கும் அது அந்நியச் சாமான்தான். "சுவீடிஷ் நாட்டார் கலாசாரம்" எண்டு இண்டைக்கு நாங்கள் பார்க்கிறது பெரும்பகுதி 1890களில் படித்த ஆட்கள் சேர்த்து அடுக்கினது. ஆர்தர் ஹசேலியஸ் எண்டவர் 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் எண்ட திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். நாடு முழுக்க இருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து வைத்து, ஆட்களுக்கு அந்தந்த ஊர் உடுப்புப் போட்டு, பிடில் வாசிக்க வைத்துக் காட்டினார். ஸ்டாக்ஹோம்காரரே அங்கே காசு கொடுத்துப் போய்த்தான் தங்கட பாரம்பரியத்தைப் பார்த்தவை. நீலமும் மஞ்சளுமாய் ஒரு "தேசிய உடை" இருக்கே, அது 1900களின் தொடக்கத்தில் ஒரு பெண் வடிவமைத்தது. கனகாலம் ஒருவரும் கவனிக்கவில்லை. 1983இல் ராணி சில்வியா தேசிய தினத்துக்கு உடுத்தின பிறகுதான் கடையில் விலைப்படத் தொடங்கினது.

அப்ப லிண்ட்ஸ்போர்க்காரர் வேஷம் கட்டுகினம் எண்டால் நாங்களும்தான். இங்கே மிட்சம்மர் நாளில் கம்பத்தைச் சுற்றித் தவளை மாதிரிக் குதிக்கிறவையில் முக்கால்வாசிப் பேர் நகரத்தில் இருந்து காரில் வந்த கணினிக்காரர்.

ஒரு கேள்வி. அங்கே மிட்சம்மருக்கு ஹெர்ரிங் மீன் ஊறுகாய், புது உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி எல்லாம் உண்டோ? ஸ்னாப்ஸ் சாராயம் இல்லாமல் எப்படி அந்த மீனை விழுங்குகினம்?

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

ஸ்னாப்ஸா! கேன்சஸில்! அக்கா, இந்த மாநிலம் 1881 முதல் 1948 வரை அரசியல் சட்டப்படியே மதுவிலக்கில் இருந்தது. அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வந்து போனது 1920 முதல் 1933 வரைதான், இவர்கள் அதற்கு முன்னும் பின்னும் விடாப்பிடியாக இருந்தார்கள். முதல் ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட் நடந்த 1941இல் சட்டப்படி ஸ்னாப்ஸ் ஒரு சொட்டு விற்க முடியாது. ஓல்சன் பாதிரியாரின் ஆவி அந்த ஒரு விஷயத்திலாவது நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது அப்படி இல்லை, ஊரில் மதுக்கடை எல்லாம் இருக்கிறது.

கந்தசாமி சார், குதிரை விஷயத்தில் நீங்கள் சொல்கிற வருஷக் கணக்கில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் டாலர்னா எப்படி அந்த ஊருக்குள் வந்தது என்பதற்குச் சுற்றுலா மட்டும் காரணம் இல்லை. பிர்கர் சாண்ட்சேன் என்று ஒரு ஓவியர். சுவீடனில் ஆண்டர்ஸ் ஸோர்னிடம் படித்தவர், ஸோர்ன் மூராக்காரர், டாலர்னா ஆட்டத்தையும் இசையையும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர். சாண்ட்சேன் 1894இல் லிண்ட்ஸ்போர்க் பெத்தனி கல்லூரிக்கு வாத்தியாராக வந்தார். ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் எண்ணம், 1954இல் சாகும்வரை அங்கேயே இருந்துவிட்டார். கேன்சஸ் பாறைகளையும் காட்டாறுகளையும் விரல்கனத்துக்குச் சாயம் அப்பி ஊதாவும் ஆரஞ்சுமாக வரைந்திருக்கிறார், கல்லூரியை ஒட்டி அவர் பெயரில் காட்சிக்கூடம் இருக்கிறது, கோதுமைக்காடு அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏசி உண்டு. நான் சொல்ல வந்தது, 1869 கூட்டத்துக்குப் பிறகும் சுவீடனிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வரும்போது அங்கே அப்போது எது புதுசோ அதையும் கொண்டுவந்தார்கள். ஊர் 1869இல் உறைந்துபோகவில்லை.

அப்புறம், முன்னோர்கள் கொண்டுவந்தது எதுவும் மிச்சம் இல்லை என்பது போல எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, விளம்பரப் படத்தில்தான் இல்லை. பாட்டு! கல்லூரியைத் தொடங்கிய கார்ல் ஸ்வென்சன், அவர் மனைவி ஆல்மா இருவரும் அந்தப் பொட்டல்காட்டில் பண்ணைக்காரர்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டி ஹேண்டலின் மெசையா என்ற நீண்ட பக்திப் பாடல் தொகுப்பைப் பாடப் பழக்கினார்கள். இங்கிலீஷே சரியாக வராதவர்களுக்கு இங்கிலீஷ் ஒரடோரியோ. முதல் தடவை பாடியது 1882. அன்றிலிருந்து ஈஸ்டர் காலத்தில் பாடிக்கொண்டு வருகிறார்கள். பாட்டன் நின்ற வரிசையில் பேத்தி நின்று பாடுகிற குடும்பங்கள் உண்டு. அதில் குதிரையும் கிடையாது, கோடு போட்ட ஏப்ரனும் கிடையாது. பார்த்தால் சுவீடிஷ் என்றே தெரியாது. ஓல்சன் எழுந்து வந்தால் அந்த வரிசையில்தான் போய் நிற்பார்.

இன்னொன்று உருளைக்கிழங்கு சாசேஜ். வேர்ம்லாண்டுக்காரர்களின் சொந்தப் பண்டம் அது, டாலர்னாவுக்கு அதில் பங்கில்லை. பச்சை உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் அரைத்து, பன்றி இறைச்சி மாட்டிறைச்சியோடு பிசைந்து, மிளகு ஆல்ஸ்பைஸ் போட்டுக் குடலுறையில் அடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி வீட்டில் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அடைத்த கையோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிடுவார், இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு கறுத்துப்போய் சாசேஜ் சாம்பல் நிறமாகிவிடும். உறையை முட்ட முட்ட அடைக்கவே கூடாது, வேகும்போது ஊதிக்கொள்ளும். அடுப்பில் தளதளவென்று கொதிக்கவும் விடமாட்டார், ஒரு கையில் கம்பளி தைக்கிற ஊசி, எங்கெல்லாம் புடைக்கிறதோ அங்கெல்லாம் ஒரு குத்து. அந்தப் பாட்டிக்கு சுவீடிஷில் நன்றி சொல்லவும் மேசை ஜெபம் சொல்லவும் தெரியும், அவ்வளவுதான்.

ஃப்ரெஸ்னோ முருகேசன் எழுதியது:

கலிஃபோர்னியாவில் எங்கள் பக்கத்திலும் ஒரு குட்டி சுவீடன் இருக்கிறது, கிங்ஸ்பர்க். ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில். 1886 வாக்கில் மிச்சிகன் சுரங்க ஊர் இஷ்பெமிங்கிலிருந்து வந்த சுவீடன்காரர்கள் உண்டாக்கிய குடியிருப்பு. 1921இல் மூன்று மைல் சுற்றளவுக்குள் இருந்தவர்களில் 94 சதவீதம் சுவீடிஷ் என்று பெருமையாகச் சொல்லுவார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டியையே காபிக் கெண்டி மாதிரி மூக்கும் பிடியும் வைத்து வண்ணம் அடித்திருக்கிறார்கள், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்.

வருஷா வருஷம் மே மாதம் சுவீடிஷ் விழா. பான்கேக் காலையுணவு, ஊர்வலம், கம்பம், ஆட்டம் எல்லாம் உண்டு. ஆனால் இன்றைக்கு ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் மெக்சிகோ வழி வந்தவர்கள், பஞ்சாபிக் குடும்பங்களும் சுற்றுவட்டாரத்தில் நிறைய. விழாவில் டாக்கோ கடையும் உண்டு, அதில்தான் வரிசை நீளம். கம்பத்தைச் சுற்றி ஆடுகிற பிள்ளைகளில் கறுத்த முடிக்காரர்கள் நிறைய பேரைப் பார்க்கலாம், யாரும் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை. பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள், உடுப்பு தைத்தார்கள், ஆடுகிறார்கள். கந்தசாமி சார் கணக்குப்படி இவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்?

கறார் கந்தசாமி எழுதியது:

முருகேசன், அவர்கள் ஆடுவதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. சொல்லப்போனால் அதுதான் நேர்மையாகத் தெரிகிறது. ஊர் விழா, ஊரில் இருக்கிறவர்கள் ஆடுகிறார்கள், முடிந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. "முன்னோடிகள் வெறும் புல்வெளியில் வந்து இறங்கி, மண்ணைத் தோண்டிக் குழிவீட்டில் குடியிருந்து ஊரை உண்டாக்கினார்கள்" என்று விழா மேடையில் சொல்லுவார்கள். குழிவீடு உண்மை, பட்ட கஷ்டமும் உண்மை. சுவீடனில் 1867, 68இல் பஞ்சம், இங்கே வந்து 1874இல் வெட்டுக்கிளி. ஆனால் அந்தப் புல்வெளி வெறுமையாக இருக்கவில்லை. ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பக்கம் கான்சா பழங்குடி மக்கள் காட்டெருமை வேட்டைக்கு வந்துபோன நிலம். மாநிலத்தின் பேரே அவர்கள் பேர்தான். 1846 ஒப்பந்தத்தில் அவர்களை கவுன்சில் குரோவ் பக்கம் ஒதுக்கினார்கள், 1873இல் அங்கிருந்தும் கிளப்பி இப்போதைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது லிண்ட்ஸ்போர்க் உண்டாகி நாலாவது வருஷம். 1868இல் சிகாகோவில் சுவீடன்காரர்கள் ஒரு விவசாயக் கம்பெனி தொடங்கி ரயில்வேயிடம் நிலம் வாங்கினார்கள். ரயில்வேக்கு அந்த நிலம் எங்கிருந்து வந்தது? அரசாங்கம் கொடுத்தது. அரசாங்கத்துக்கு? இதை நான் போன விழாவில் ஒருவரும் பேசவில்லை.

மினசோட்டா மீரா எழுதியது:

கந்தசாமி சார் சொல்வது எல்லாக் குடியேற்ற ஊருக்கும் பொருந்தும், மினசோட்டாவுக்கு இன்னும் அதிகமாகவே. 1862இல் டகோட்டா பழங்குடி மக்களுக்கு இங்கே நடந்ததைப் படித்தால் தூக்கம் வராது. அதற்கு அடுத்த வருஷங்களில்தான் சுவீடன்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

விழா பக்கம் வருகிறேன். எங்கள் பக்கத்து லிண்ட்ஸ்ட்ரோமிலும் காபிக் கெண்டித் தண்ணீர்த் தொட்டி உண்டு முருகேசன், உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். ஜூலை மாதம் விழா. அந்த ஊர்ப் பெயர்ப் பலகையை நெடுஞ்சாலைத் துறை மாற்றியபோது சுவீடிஷ் 'ö' எழுத்து மேல் இருக்கிற இரண்டு புள்ளியை விட்டுவிட்டார்கள். ஊரே கொதித்துப்போனது. 2015இல் கவர்னர் மார்க் டேட்டன் தனி உத்தரவு போட்டு இரண்டு புள்ளியையும் திரும்ப வைக்கச் சொன்னார், தேவைப்பட்டால் தானே வந்து வரைவதாகவும் சொன்னார். ஒரு மாநில கவர்னர் உத்தரவு போடுகிற விஷயமா இது என்று அப்போது சிரித்தவர்களும் உண்டு. எனக்குப் பிடித்திருந்தது.

நெறியாளர் எழுதியது:

நில உரிமை பற்றி விரிவாகப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், நல்ல விஷயம்தான், இங்கே புதைந்துபோக வேண்டாம். கேட்டவருக்கு இன்னும் சாப்பாட்டுக்குப் பதில் வரவில்லை.

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

சாப்பாட்டுக்கு வருகிறேன், அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வேஷம்" என்ற சொல் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

1941ஐ யோசித்துப் பாருங்கள். சர்ச் வழிபாடு, ஞாயிறு பள்ளி, வீட்டுப் பேச்சு எல்லாம் சுவீடிஷில் இருந்தவரை யாருக்கும் விழா எடுக்கத் தோன்றவில்லை. சுவீடன்காரர்களின் லூத்தரன் சபையான அகஸ்டானா சபை ஊர்களில் 1920, 30களில் வழிபாடு ஆங்கிலத்துக்கு மாறியது. முதலில் வந்த தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் "மரியாதை விழா" வருகிறது. எடுத்தவர்கள் பேரன் பேத்திகள். தாத்தா எப்படி ஜெபித்தார் என்பதை மேடை ஏற்ற முடியாது, குதிரையை ஏற்றலாம். அன்றைக்கு சுவீடன் உலகத்துக்கு எதைக் காட்டிக்கொண்டிருந்ததோ அதை எடுத்துக்கொண்டார்கள். யாழினி அக்கா சொன்ன ஸ்கான்சென் வேலையைத்தான் இவர்களும் சின்ன அளவில் செய்தார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குதிரையையும் சும்மா இறக்குமதி செய்து வைக்கவில்லை. ஊரிலேயே பட்டறை இருக்கிறது, கண்ணாடி வழியாக நின்று பார்க்கலாம். பலகையில் குதிரை வடிவம் அறுத்து, சிவப்பு அடித்து, சேணமும் பூவும் கையால் வரைவார்கள். ஒரே தூரிகையில் இரண்டு சாயம் தொட்டு இழுப்பார்கள், ஒரு இழுப்பில் வெள்ளையும் நீலமும் சேர்ந்து இதழ் மாதிரி வரும். வீட்டு வாசலில் மாட்டுகிற பெயர்ப் பலகையாகச் செய்து தருவார்கள், அந்த ஊரில் பாதி வீட்டு வாசலில் அது தொங்கும். அம்மாவிடம் அய்யனார் கோயில் குதிரைக்குத் தம்பி என்று சொல்லுங்கள், உடனே பிடித்துப்போகும்.

உப்சாலா யாழினி எழுதியது:

தூரிகையில் இரண்டு சாயம் தொட்டு இழுக்கிறது டாலர்னாவில் இருக்கிற நூஸ்னேஸ் ஊர்ப் பட்டறைகளில் செய்கிற அதே முறைதான், அந்தப் பூவேலைக்குக் குர்பிட்ஸ் எண்டு பேர். நான் அங்கே நிண்டு பார்த்திருக்கிறேன், கை நடுங்கினால் குதிரை போச்சு.

உருளைக்கிழங்கு சாசேஜ் கதை வாசிச்சுச் சிரிப்பு வந்தது. இங்கே உப்சாலாவில் என்னோடு வேலை செய்கிற சுவீடிஷ் பெடியளிடம் கேட்டேன், கனபேருக்கு அப்படி ஒண்டு இருக்கிறதே தெரியாது. வேர்ம்லாண்டில் இருந்து வந்த ஒரு பெண் மட்டும் "அது எங்கட ஊர்ச் சாமான், உனக்கு ஆர் சொன்னது?" எண்டு துள்ளினாள். கேன்சஸில் கிறிஸ்மஸுக்குக் கட்டாயம் எண்டு சொன்னேன், நம்பவில்லை. லிண்ட்ஸ்போர்க்குக்குச் சகோதர நகரம் வேர்ம்லாண்டில் இருக்கிற முன்க்ஃபோஷ் எண்டு வாசித்தேன். அங்கே இருந்து ஆட்கள் வந்து போகினமோ?

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

போக்குவரத்து உண்டு அக்கா. பள்ளி ஆட்டக் குழுப் பிள்ளைகள் சுவீடனுக்குப் போய் ஆடிவிட்டு வருவார்கள், அதற்கு வருஷக்கணக்கில் காசு சேர்ப்பார்கள். ஆட்டம் என்றால் விழாவுக்கு முந்தின வாரம் கற்றுக்கொள்கிறது இல்லை, வருஷம் முழுக்க ஒத்திகை.

ஃப்ரெஸ்னோ முருகேசன் எழுதியது:

லிண்ட்ஸ்போர்க் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது செஸ். உலகச் சாம்பியனாக இருந்த கார்பவ் பெயரில் ஒரு செஸ் பள்ளி அங்கே இருந்தது, 2005இல் முன்னாள் சோவியத் தலைவர் கோர்பச்சேவே வந்தார். மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற கோதுமை ஊருக்கு!

கறார் கந்தசாமி எழுதியது:

கேன்சஸ்வாசி, 1941 பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், மொழி போன பிறகு விழா வந்தது என்பது சரியான கவனிப்பு. ஆனால் அப்படியென்றால் மேடையிலும் அதையே சொல்லலாமே? "எங்கள் தாத்தாக்கள் இதை ஆடவில்லை, நாங்கள் ஆடுகிறோம்" என்று ஒரு பலகை வைத்தால் நான் முதல் ஆளாக வந்து தவளை ஆட்டம் ஆடுகிறேன்.

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

பலகை வைக்கமாட்டார்கள். நீங்கள் வந்து ஆடுங்கள், கம்பளிக் காலுறை நான் வாங்கித் தருகிறேன்.

கோதுமைக்காடு எழுதியது:

இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஜூனுக்கே போகிறோம். காலையில் காட்சிக்கூடமும் பட்டறையும், மதியம் வெயில் நேரத்தில் மாவு ஆலைக்குள், சாயங்காலம் கம்பம். பெண்ணுக்குத் தவளை ஆட்டம் காணொளி காட்டினேன், இப்போதே வீட்டுக்குள் குதிக்கிறாள், கீழ் வீட்டுக்காரர்தான் பாவம். மெசையாவுக்கு அடுத்த ஈஸ்டரில் நான் மட்டும் போகலாம் என்று இருக்கிறேன்.

அம்மா சாப்பாடு இன்னும் பாக்கி. முட்டை கலந்த பலகாரம் சாப்பிடுவார். மீன், இறைச்சி கிடையாது.

பழைய கேன்சஸ்வாசி எழுதியது:

மெல்லிய சுவீடிஷ் பான்கேக் கண்ணில் பட்டால் விடாதீர்கள், தோசைக்கல்லில் ஊற்றின மாதிரி இருக்கும், லிங்கன்பெரி ஜாமோடு தருவார்கள். ரை ரொட்டி, இஞ்சி பிஸ்கட், ஏலக்காய் பன். ஏலக்காய் வாசனை அம்மாவுக்குப் பிடிக்கும், சுவீடன்காரர்கள் அதைத் தாராளமாகப் போடுவார்கள். பட்டாணி சூப் என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே பன்றி இறைச்சி கிடக்கும்.

ஊஸ்ட்காக்கா என்று பாலைத் திரித்துச் சுட்ட ஒரு இனிப்பு இருக்கும், பார்க்கச் சைவமாகத் தெரியும், நம் ஊர்த் திரட்டுப்பால் வாசனைகூட கொஞ்சம் அடிக்கும்.

உப்சாலா யாழினி எழுதியது:

ஊஸ்ட்காக்காவை அம்மாவுக்குக் குடுக்க முதல் செய்தவையிடம் கேளுங்கோ. பழைய முறையில் பால் திரிக்கிறது கன்றுக்குட்டி வயிற்றில் இருந்து எடுக்கிற ரென்னெட்டில்தான். இப்ப கனபேர் கடையில் வாங்கின பாலாடைக்கட்டியில் செய்கினம், அதிலயும் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

கோதுமைக்காடு எழுதியது:

நல்லவேளை சொன்னீர்கள். அப்போது பான்கேக்கும் ஏலக்காய் பன்னும். தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகிறோம்.